“நல்லாத்தான் இருக்கேன்” என்று தம்பி சொல்வதை நம்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு 31 வயது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வீல்சேரில் இருக்கிறார். யார் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார். “இப்படி இருப்பவர்களின் வாழ்க்கைத்தரம் எப்படி இருக்கும், ஆராய்ச்சி ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் வந்து விழுந்திருக்கிறது: “எங்களுக்காகத்தான் அப்படிச் சொல்கிறானோ?” இந்த உடம்போடு ஒருவர் நல்லபடியாக வாழ முடியுமா, முடிகிறது என்று அவரே சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

தண்டுவடக் காயம் பட்டவர்களோடு 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சட்டை போடுவது, குளிப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, திரும்ப வேலைக்குப் போவது, இதையெல்லாம் புது உடம்பை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று அவர்களோடு சேர்ந்து கண்டுபிடிப்பது என் வேலை. மருத்துவர் இல்லை. உங்கள் தம்பியைப் பார்த்ததும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது ஒன்று. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இந்த வாழ்க்கையை, அதை வாழ்கிறவர்களைவிட மிக மோசமாக மதிப்பிடுகிறார்கள். 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர்கள், நர்ஸ்கள், டெக்னீஷியன்களிடம் ஒரு கேள்வி: உங்களுக்கே கடுமையான தண்டுவடக் காயம் ஏற்பட்டால், உயிர் பிழைத்ததை நினைத்துச் சந்தோஷப்படுவீர்களா? ஆம் என்றவர்கள் 18 சதவீதம். அதே காயத்தோடு உண்மையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடம் கேட்டபோது ஆம் என்றவர்கள் 92 சதவீதம். இத்தனைக்கும் அந்த 18 சதவீதத்தைச் சொன்னவர்கள் விஷயம் தெரியாதவர்கள் இல்லை, தினமும் அடிபட்டவர்களைத் தூக்கிக் கிடத்துகிறவர்கள். அதுவேதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் பார்ப்பது எப்போதும் முதல் நாளை. ஐந்நூறாவது நாளை அவர்கள் பார்ப்பதே இல்லை.

1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் உடல் குறைபாடு உள்ள 153 பேரிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசினார்கள். மிதமான, கடுமையான குறைபாடு உள்ளவர்களிலேயே 54.3 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கையை ‘நன்று’ அல்லது ‘மிக நன்று’ என்றார்கள். இதற்குத்தான் ‘குறைபாட்டு முரண்’ என்று பெயர் வந்தது. முரண் யாருடைய பார்வையில் என்று கேட்டால் நம் பார்வையில்தான். அவர்களுக்கு இதில் முரண் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு படி போய், கண்ணை மட்டுமே அசைக்க முடிகிற ‘லாக்ட்-இன்’ நிலையில் இருப்பவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் கணக்கில் எடுத்துக்கொண்ட 65 பேரில் 47 பேர் தங்களை மகிழ்ச்சியானவர்கள் என்றார்கள், 18 பேர் இல்லை என்றார்கள். அந்த நிலையில் கழித்த காலம் கூடக்கூட மகிழ்ச்சி என்று சொன்னவர்களும் கூடினார்கள்.

சரி, அப்படியென்றால் ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும், கவலையை விடுங்கள்’ என்று முடித்துவிடலாமா? கூடாது. நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். 1978-இல் பிரிக்மன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு உண்டு. லாட்டரி அடித்தவர்களும் விபத்தில் முடங்கியவர்களும் கொஞ்ச காலத்தில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள் என்று மேடைப் பேச்சுகளில் அதை மேற்கோள் காட்டுவார்கள். நான் எடுத்துப் படித்துப் பார்த்தேன், அதில் அப்படி இல்லை. 0 முதல் 5 வரையான அளவில் லாட்டரிக்காரர்கள் 4.00, சாதாரண ஆட்கள் 3.82, விபத்தில் அடிபட்டவர்கள் 2.96. அடிபட்டவர்கள் 29 பேர்தான், மற்ற இரண்டு குழுவிலும் 22, 22 பேர். 2.96 என்பது பாதிக்கு மேல், உண்மை. ஆனால் 3.82 இல்லை. அந்த இடைவெளியை விழுங்கிவிட்டுத்தான் கதை ஊர் சுற்றுகிறது.

ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைவிட நம்பகமானவை. ஜெர்மனி, பிரிட்டன் தரவுகளை வைத்து லூக்காஸ் என்ற ஆய்வாளர் 2007-இல் எழுதியது, குறைபாடு ஏற்பட்டபின் வரும் சரிவு பல ஆண்டுகள் கழித்தும் முழுதாக மறைவதில்லை என்பதை. அடுத்த ஆண்டு ஆஸ்வால்டும் பவுத்தவியும் பிரிட்டன் தரவுகளை வைத்து வேறு முறையில் கணக்குப் போட்டார்கள். சரிந்ததில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் வரை மீள்கிறது, கடுமையான குறைபாட்டில் 30-ஐ ஒட்டியும் மிதமானதில் 50-ஐ ஒட்டியும் இருக்கிறது என்றார்கள்.

முதலில் சொன்ன ஆய்வுகளும் இவையும் ஒன்றுக்கொன்று இடிப்பதுபோலத் தெரியும். யோசித்தால் இடிக்கவில்லை. ஒரு தரப்பு ஆய்வு கேட்பது, ‘நீங்கள் நினைக்கிற அளவு மோசமா?’ என்று. இல்லை, அவ்வளவு மோசமில்லை. இன்னொரு தரப்பு கேட்பது, ‘எதையும் இழக்காதது மாதிரியா?’ என்று. அதுவும் இல்லை. உங்கள் தம்பி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார். சந்தேகப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பதில் எழுதி அனுப்புகிறவர்கள், அனுப்பும் நிலையில் இருப்பவர்கள். அந்த லாக்ட்-இன் ஆய்வில் கேள்வித்தாள் போனவர்களில் பாதிப் பேர்வரைதான் பதில் அனுப்பினார்கள். பதில் வராதவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

‘வாழ்க்கைத்தரம்’ என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வீடு, வருமானம், வசதி என்றுதான் மனம் போகிறது. உலக சுகாதார நிறுவனம் அதை ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதாக வரையறுத்தது. தன்னுடைய பண்பாடு, குறிக்கோள், எதிர்பார்ப்பு, கவலை இவற்றை வைத்து அவரே போடும் மதிப்பு அது. அவர்களுடைய சுருக்கமான கேள்வித்தாளில் 26 கேள்விகள்; உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பிரிவு. இதற்கு நேர்மாறாக, உடம்பு எதையெல்லாம் செய்கிறது என்று கேட்கும் கேள்வித்தாள்களும் புழக்கத்தில் உண்டு. எஸ்எஃப்-36 என்ற ஒன்றை வீல்சேரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். பல மாடிப் படி ஏறுவதில் சிரமம் உண்டா என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு, “இதுக்கு நான் என்னங்க போடறது? லிஃப்ட் இருந்தா எத்தனை மாடின்னாலும் ஏறுவேன்” என்றார். சொன்னது முழுக்க நியாயம். இக்யூ-5டி என்று இன்னொன்று இருக்கிறது, ஐந்தே அம்சம். முதல் அம்சமே நடப்பது. அதில் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை மதிப்பெண் என்பதைப் பெரும்பாலும் பொதுமக்களைக் கற்பனை செய்யச் சொல்லி முடிவு செய்கிறார்கள். சில நிலைகளுக்கு மரணத்தையும்விடக் கீழான மதிப்பு வருகிறது. அந்த 18 சதவீதக் கற்பனை இங்கே எண்ணாக மாறி உட்கார்ந்திருக்கிறது. இனி எங்காவது ‘வீல்சேர் பயன்படுத்துவோரின் வாழ்க்கைத்தரம் குறைவு’ என்று படித்தால், எந்தக் கேள்வித்தாள் என்று பாருங்கள்.

எது வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பதில் உங்களுக்கு உபயோகமான செய்தி இருக்கிறது. காயம் எந்த எலும்பின் உயரத்தில், முழுமையா பாதியா என்பதில்தான் குடும்பங்களின் கவனம் முழுக்க இருக்கும். எம்.ஆர்.ஐ. ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டே திரிவார்கள். டைகர்ஸ் என்ற ஆய்வாளர் 1997-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, காயத்தின் அளவுக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் தொடர்பு பலவீனமாகத்தான் இருந்தது. வெளியே போகிறாரா, வேலையோ பொறுப்போ இருக்கிறதா, மனிதர்களோடு கலந்திருக்கிறாரா என்பதோடுதான் தொடர்பு வலுவாக இருந்தது. கழுத்தில் அடிபட்டு விரல் அசையாதவர் திருப்தியாக இருப்பதையும், இடுப்பில் அடிபட்டு இரண்டு கையும் நன்றாக இருப்பவர் வாசலைத் தாண்டாமல் வாடுவதையும் நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கவனப் பிசகு, ‘நடப்பது’. வீட்டில் எல்லோரும் “எப்ப நடப்பான்?” என்றே கேட்பார்கள். ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2004-இல் தண்டுவடக் காயம் உள்ள 681 பேரிடம், எது திரும்ப வந்தால் வாழ்க்கை அதிகம் மேம்படும் என்று கேட்டார். கை கால் நான்கும் முடங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முதலில் வைத்தது கையை. கால்கள் மட்டும் முடங்கியவர்களில் அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது பாலியல் செயல்பாட்டுக்கு. உங்கள் தம்பிக்கு வயது 31. இதைப் பற்றி அவரிடம் யாராவது பேசியிருக்கிறார்களா என்றால் இருக்காது என்றே நினைக்கிறேன். நீங்கள் பேச வேண்டாம், அக்காவிடம் அது பேச்சாகாது. ஆனால் மறுவாழ்வு மருத்துவரோடு அவர் தனியாகப் பேச அரை மணி நேரம் ஏற்படுத்திக் கொடுங்கள், நீங்கள் வெளியே நின்றுகொள்ளுங்கள். சிறுநீர், மலம், வலி, பாலுறவு இந்த நான்கும் குடும்பத்தார் அறையில் இருக்கும்வரை வாயில் வராது.

உடம்பு விஷயத்தில் நாளை நாசமாக்குவது பெரும்பாலும் காயத்தின் பின்னால் வருகிறவைதான்: நரம்பு வலி, சிறுநீர்த் தொற்று, தசை இழுப்பு, தூக்கமின்மை, படுக்கைப்புண். கடைசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். உட்காரும்போது நம் எடை பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. நமக்கு உறுத்தும், அசைந்துகொள்வோம். உணர்ச்சி இல்லாதவருக்கு உறுத்தாது, அசைய மாட்டார், ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துப்போகும். அதனால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும். முன்னால் நன்றாகக் குனிந்தாலும் போதும், பக்கவாட்டில் சாய்ந்தாலும் போதும். காலையும் இரவும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். ‘சிவந்திருக்கிறதா பாருங்கள்’ என்று கையேடுகளில் போட்டிருக்கும். மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பழையபடி ஆகும்வரை அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது, மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில்லில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தண்டுவடப் பிரிவைத் தொடங்குவதற்கு முன் இந்தக் காயம் பட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார், இரவிலும். ஒரு புண் ஆற மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தவரிடம் போய் வாழ்க்கைத்தரம் பற்றி எந்தக் கேள்வித்தாளை நீட்டுவீர்கள்?

அப்புறம், நான் தப்பு செய்து கற்றுக்கொண்ட ஒன்று. வேலைக்கு வந்த புதிதில் ‘சுயமாகச் செய்வது’ எனக்கு ஒரு வெறி. விரல்களில் பிடி இல்லாத ஒருவருக்குச் சட்டை போடப் பழக்கினேன். பொத்தான் மாட்ட ஒரு கம்பிக் கொக்கி, காலரைக் கவ்வ முழங்கை, கடைசியில் பல். ஆறு வாரம் ஆயிற்று. நாற்பது நிமிடத்தில் தானே போட்டுக்கொண்டார். நான் கைதட்டினேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “என் மனைவி இதை மூணு நிமிஷத்துல போட்டு விட்ருவா. மிச்ச நேரத்துல நான் கணக்கு எழுதிச் சம்பாதிப்பேன். நீங்க சொல்லிக்கொடுத்தது நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு வேண்டாம்” என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. எட் ராபர்ட்ஸைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுதும் முடங்கி, இரவில் மூச்சுவிட உதவும் ‘இரும்பு நுரையீரல்’ பெட்டிக்குள் தூங்கியவர். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ‘இவர் வேலை செய்யும் நிலையில் இல்லை’ என்று முதலில் உதவி மறுத்த கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கு 1975-இல் அவரே இயக்குநராக வந்தார். அவரும் நண்பர்களும் முன்வைத்த வாதம் எளிது: யார் சட்டை போட்டு விடுகிறார்கள் என்பதில் இல்லை சுதந்திரம், எப்போது, எந்தச் சட்டை, யார் போட்டு விடுவது என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதில் இருக்கிறது.

இதை வீட்டில் வைத்துப் பாருங்கள். எட்டு மாதமாக உங்கள் தம்பி எப்போது எழுவது, எப்போது குளிப்பது, யார் வந்து பார்ப்பது என்று எதையாவது முடிவு செய்திருக்கிறாரா? பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவோம். ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டில் புதிது, மெத்தை விலை உயர்ந்தது, ஆள் வைத்திருந்தார்கள். மின்விசிறி சுவிட்ச் மட்டும் கட்டிலிலிருந்து இரண்டு கை தூரத்தில் இருந்தது. அந்தப் பையன் இரவில் குளிர்ந்தாலும் கூப்பிடவில்லை. அப்பா பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து தூங்குகிறார், எழுப்ப மனம் வரவில்லை. ஏழு மாதம் போர்வையை இழுத்துக்கொண்டே படுத்திருக்கிறான். யார் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் என்றுதான் அவனும் சொல்லியிருக்கிறான். பொய் சொல்லவில்லை. சுவிட்ச் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ‘நம்பலாமா’ என்பதற்கு என் பதில்: நம்புங்கள், ஆனால் கேள்வியை மாற்றுங்கள். “எப்படி இருக்கே?” என்பதற்கு உலகத்தில் யாருமே உண்மையான பதில் சொல்வதில்லை. “ஒரு நாளில் எந்த நேரம் உனக்கு ரொம்பக் கடுப்பாக இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். கழிவறை நேரம் என்பார், பிசியோதெரபி நேரம் என்பார், பார்க்க வருகிறவர்கள் அவரை விட்டுவிட்டு உங்களிடம் “தூங்கறாரா? சாப்பிடறாரா?” என்று விசாரிக்கும் நேரம் என்பார். ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் அதைச் சரிசெய்ய வழி தேடலாம். இது ஆய்வில் வந்தது இல்லை, என் அனுபவம்தான்: கால் வைக்கும் தகடு உயரமாக இருக்கிறது, குஷன் சரியில்லை, தெரபிஸ்ட் லேட்டாக வருகிறார் என்று எரிந்து விழுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. எதைக் கேட்டாலும் ஒரே குரலில் “பரவாயில்லை” என்கிறவர்களைத்தான் அடுத்த வாரமே திரும்பப் போய்ப் பார்ப்பேன்.

காரணம், மனச்சோர்வு. தண்டுவடக் காயத்துக்குப் பின் அது ஐந்தில் ஒருவருக்கு வருகிறது என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. பொதுமக்களைவிட அதிகம்தான். ஆனால் ஐந்தில் நால்வருக்கு வரவில்லை என்பதையும் அதிலேயே படிக்கலாம். ‘இந்த நிலைமையில் சோர்வு சகஜம்தானே’ என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. சகஜம் இல்லை, சிகிச்சை உள்ள நோய். தூக்கம் கெடுவதும் களைப்பும் காயத்தினாலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முன்பு பிடித்தவற்றில் ஒன்றிலும் ஆர்வமில்லாமல் போவது, நாளையைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசாதது, ‘உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன்’ என்பது அடிக்கடி வருவது, இவற்றைக் கவனியுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ அப்படித் தோன்றினாலோ நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அடுத்த செக்கப் வரை தள்ளிப்போட வேண்டாம்.

எட்டு மாதம் என்பது சீக்கிரம். இப்போது அவர் சொல்வதை வைத்து, நல்லதோ கெட்டதோ, அடுத்த முப்பது வருடத்தை யாரும் கணிக்கக் கூடாது. நான் சொன்னது பெரும்பாலும் தண்டுவடக் காயத்துக்குத்தான் பொருந்தும். பிறவியிலேயே குறைபாட்டோடு வளர்ந்தவர்களுக்கு ‘இழந்தோம்’ என்ற கணக்கே கிடையாது, அவர்கள் விஷயம் வேறு. தசைநோய்போல ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் நோய்களில், பழகி முடிப்பதற்குள் அடுத்த மாற்றம் வந்து நிற்கும், அதுவும் வேறு. அவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடியது. ஓர் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், அளவைச் சொல்வது அவராக இருக்கட்டும். கதவைத் திறந்த பிறகு மிஞ்சும் இடம் 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குளியலறைக் கதவுதான் பெரும்பாலும் தோற்கும். வீல்சேர் முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். வாசலில் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சாய்தளம் 360 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. இடமில்லை என்று பாதியாகக் குறைத்துக் கட்டினால் பின்னால் ஒருவர் தள்ளாமல் அவர் தனியாக ஏற முடியாது. பிறகு அவர் கட்டிலில் நீங்கள் படுத்து, காலை அசைக்காமல், எது எது எட்டுகிறது என்று பாருங்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எத்தனை மணிக்கு ஒருமுறை, வலி எங்கே, என்ன குஷன் என்பதையெல்லாம் எனக்கு எழுத நினைத்தால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.